ஒன்பதாம் பக்கமும் மேனேஜர் காரும்

அன்றைக்கு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். (அத்தனை பேரையும் நம்பினால் கொட்டகைக் கூரையிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும்.) மேனேஜர். தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி. பட்டணத்திலிருந்து வந்த மிஸ் புஷ்பா. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மா ஆயா, தூளியில் ஐந்து குழந்தைகள். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். கடன் வாங்கிய புடவையில் பாக்கியமாகிய நான். வெளியே மேட்டு ரோட்டில் மேனேஜரின் வெள்ளைக் கார். காரை ஏன் ஆள் கணக்கில் சேர்க்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகமாக நடமாடியது அதுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். எனக்கு இருபத்திரண்டு வயது. கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மழை பெய்தால் லயத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமே என்று கவலை, பெய்யாவிட்டால் ஏன் பெய்யவில்லை என்று கவலை. ஐந்தாம் வகுப்பில், நாளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்களே என்ற கவலையில் பள்ளிக்கூடத்தையே விட்டவள். (பதின்மூன்றாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு ஒரு காடு.) பிறகு கொஞ்சகாலம் புல் வெட்டினேன். அப்புறம் ஆயாக் கொட்டகையில் உதவிக்குப் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை, தாய் தகப்பன் வேலைக்காட்டிலிருந்து திரும்பும்வரை வைத்துக்கொள்வது என் வேலை. வைத்துக்கொள்வது என்பது மரியாதையான சொல். பழக்குலை ஏற்றிப்போகும் லோரி மேல் கல் எறிவார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் காதைக் கடிப்பான். லெட்சுமி என்று ஒன்பது வயதுப் பெண், அவள் ஒருத்தியே ஒரு பட்டாளம். சுவரில் ஒரு பிரம்பு தொங்கும். அதை எடுக்க எனக்குப் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ் புஷ்பா வந்தார். பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிப் படித்தவர். வெளிநாட்டுப் பள்ளிகளில் செய்து பார்த்துப் பலன் கண்ட ஒரு விளையாட்டை உலு யாம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார். என்னை பஸ் ஏற்றி அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு அணி. எழுந்து ஓடினாலோ, அடித்தாலோ, கத்தினாலோ அந்த அணிக்குப் பலகையில் ஒரு கோடு. மணி அடித்து முடியும்போது கோடு நாலுக்கு மேல் போகாத அணியெல்லாம் ஜெயித்தது. அவ்வளவுதான். பிரம்பும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த முரட்டுப் பையன் ஒருவன் பக்கத்துப் பிள்ளையை அடிக்க ஓங்கிய கையைத் தானே இறக்கி, தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் உடம்பு சிலிர்த்துப்போனது. கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"மிஸ், இது மந்திரமா?" என்று கேட்டேன்.

"அம்மை வர்றதுக்கு முன்னாலயே ஊசி போடறோம்ல, அந்த மாதிரிதான், பாக்கியம். பெரிசான பிறகு புடிச்சு அடைக்கிறதுல என்ன இருக்கு?" என்றார். பிறகு ஸ்டென்சிலில் அடித்த பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. அங்க நடந்தது இங்கயும் நடக்கணும்னா, இதுல இருக்கிறத அப்படியே செய்யணும். உன் இஷ்டத்துக்கு ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் எடுக்காத."

"சரி மிஸ்" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதல் மாற்றம் ஒன்பதாம் பக்கத்தில். 'ஆபத்து என்றால் விளையாட்டு அப்போதே நிற்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து சத்தம் போடலாம். அதற்குக் கோடு கிடையாது' என்று போட்டிருந்தது. நல்ல பிள்ளையாக முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தேன். அன்று மாலைக்குள் லெட்சுமி பதினோரு முறை "பாம்பு" என்று கத்திவிட்டாள். பதினோரு முறையும் நான் பெஞ்சு மேல் ஏறினேன். அன்று ராத்திரி இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒன்பதாம் பக்கத்தை முந்தின தாளின் எழுதாத பின்பக்கத்தோடு ஒட்டிவிட்டேன். மறுநாள், "அந்தச் சட்டம் மாறிப்போச்சு. மணி அடிக்கிறவரைக்கும் எது நடந்தாலும் மூச்" என்றேன்.

இரண்டாம் மாற்றம் பரிசில். ஜெயித்தவர்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் விளையாட விட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதுவே போதுமானதாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் எங்கள் பிள்ளைகளும் மாறினார்கள். லோரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். லெட்சுமி தன் அணிக்குத் தலைவியாகி, குட்டிப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மேனேஜர் நேரில் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுவார், மற்ற நாலு டிவிஷன் கொட்டகைகளிலும் இதே விளையாட்டு நடக்கும், அங்கே இருக்கும் ஆயாக்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எங்கள் கொட்டகையிலும் இதை நிறுத்திவிட்டு, பாதிக் கொட்டகையை உரம் வைக்க எடுத்துக்கொள்வார்கள். நான் திரும்பவும் புல் வெட்டப் போவேன். சுவரில் திரும்பவும் பிரம்பு தொங்கும்.

நான் ஒரு வாரம் தூங்கவில்லை. கவலை முற்றிப்போய், "அன்னைக்கு ஜெயிக்கிற அணியில ஆளுக்கு ஒரு ஐஸ் பொத்தோங்" என்று சொல்லிவிட்டேன். ஒரு குச்சி ஐஸ் இருபது காசு, வெள்ளிக்கு ஐந்து. எல்லாருமே ஜெயித்துவிட்டால்? அந்தக் கவலைக்கும் இடம் கொடுத்து நாற்பத்தெட்டு இருபது காசுகளை மில்க் டின்னில் போட்டு வைத்தேன். டின் திருடு போய்விடுமே என்று அடுத்த கவலை. மேனேஜர் வந்து இறங்கியதும் பெரிய கிராணியிடம் ஓடினேன்.

"ஐயா, இத எங்கயாச்சும் பத்திரமா வைங்கய்யா."

"பத்திரமான எடந்தானே?" என்று அவர் டின்னை மேனேஜர் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டம் தட்டையான பூமி. மேடு என்று ஒன்று இருந்ததென்றால் பாரிட் ஓரத்து மண் ரோடுதான். பாரிட் என்றால் தோட்டத்துத் தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்கால், ஆள் ஆழம் இருக்கும். அந்தக் காரின் ஹேண்ட்பிரேக் லட்சணம் தோட்டம் முழுக்கத் தெரியும். எங்கே நிறுத்தினாலும் மேனேஜர் இறங்கி டயருக்கு ஒரு கல் வைப்பார். அன்றைக்குச் சுற்றும் முற்றும் பார்த்தார். கல் இல்லை. பிள்ளைகள் எறிந்துவிடுவார்களோ என்ற கவலையில், கோழி முட்டை அளவு கல்லைக்கூட விடாமல் பொறுக்கி பாரிட்டில் போட்டிருந்தவள் நான். கடைசியில் அவர் ஒரு தேங்காய் மட்டையைக் காலால் தள்ளி டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் கொட்டகைக்கு இடுப்பளவுதான் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. பிள்ளைகள் பாரிட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களும் நானும் பிள்ளைகளைப் பார்த்து நின்றோம். மணி அடித்தேன். விளையாட்டு ஆரம்பமானது.

எட்டு அணி, அணிக்கு ஆறு பேர். எல்லாரும் சிலேட்டில் படம் வரைந்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பலகையில் ஒரு கோடு இல்லை. மேனேஜர் கிராணியின் காதில், "என்னய்யா, பிள்ளைங்களா பொம்மைங்களா?" என்றார். என் காதிலும் விழுந்தது. மிஸ் புஷ்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திடீரென்று நாற்பத்தெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. தொண்ணூற்றாறு கண்களும் என்னைத் தாண்டி எதையோ பார்த்தன. பிறகு எல்லாக் கண்களும் சேர்ந்தாற்போல, பூப்பந்து ஆட்டம் பார்ப்பதைப் போல, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தன.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். புடவை அவிழ்ந்துவிட்டது! (வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கட்டிய புடவை.) ஒரு கையால் கொசுவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளின் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சத்தம் வரவில்லை. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் வாயை இரண்டு கையாலும் பொத்தினான். லெட்சுமி பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஐயோ, என் மானம் போவதைப் பார்த்து அழுகிறாளே என்று எனக்கும் அழுகை வந்தது.

"பிரமாதம்" என்றார் மேனேஜர். "இவ்ளோ அடக்கத்த நான்..."

பின்னால் 'தொபுக்' என்று ஒரு சத்தம்.

கிராணிதான் முதலில் திரும்பினார். "தொரை! காரு!"

வெள்ளைக் கார் மூக்கை பாரிட்டுக்குள் விட்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குளிக்கப் போன எருமை மாதிரி நின்றது. மேனேஜர் ஓடினார். கிராணி ஓடினார். மிஸ் புஷ்பா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். முனியம்மா ஆயா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடினார்.

பிள்ளைகள் ஓடவில்லை.

வெளியே அத்தனை கூச்சல். உள்ளே நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், தொடைக்கு அடியில் கையை வைத்து, உதட்டைக் கடித்து, என் கையில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காக்கை பறந்தாலே பின்னால் ஓடியவர்கள். காதைக் கடித்தவனும் இருந்தான், கடிபட்டவனும் இருந்தான். இருவரும் ஒரே அணி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய சக்தியை என்னைப் போன்ற ஒருத்தியின் கையில் கொடுத்தது யார் என்று பயந்தே போனேன்.

மணியை அடித்தேன்.

ஆலைச் சங்கு ஊதியது போல ஒரு சத்தம் கிளம்பியது. "அக்கா! காரு போச்சுக்கா! மட்டை நழுவிச்சுக்கா! மொதல்லயே பாத்தோங்க்கா!" நாற்பத்தெட்டு வாயும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னது.

முழங்கால் வரை நனைந்து மேனேஜர் திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா? பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஏன் ஒருத்தரும் சொல்லல?"

எல்லாரும் லெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "பேசினா எங்க டீம் தோத்துரும் சார்."

"என் காரு போச்சேம்மா!"

லெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க காரு எந்த டீம்லயும் இல்லியே சார்."

கிராணி இருமலில் சிரிப்பை மறைத்தார். மிஸ் புஷ்பா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எட்டாம் பக்கத்திலிருந்து நேரே பத்தாம் பக்கத்துக்குப் போவதைப் பார்த்தார். ஓரத்தில் நகத்தை விட்டுக் கீறினார்.

"இது என்ன பாக்கியம்?"

"சோறு மிஸ்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. கிராணியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஈரக் கால்சட்டையோடு போய்விட்டார். அன்றைக்கு டிராக்டர் வைத்துக் காரை இழுத்துக் கதவைத் திறந்தபோது தண்ணீரோடு என் மில்க் டின்னும் வெளியே விழுந்து உருண்டு பாரிட்டுக்குள் போனது. குதித்து எடுக்கப் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். நான்தான் விடவில்லை.

இரண்டு வாரம் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் பழக்கினேன். பொய்யாக 'பாம்பு' என்று கத்தியவர்களை என்ன செய்வது என்றும் அதே பக்கத்தில் கீழே போட்டிருந்தது. (ஒட்டுவதற்கு முன்னால் முழுதாகப் படித்திருக்கலாம்லா!) அடுத்த வாரம் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், நடந்தே. பிள்ளைகள் விளையாட்டில் இருந்தபோது வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று கீழே உட்கார்ந்தார்.

"ஆபத்து!" என்று கொட்டகையே அதிர்ந்தது. காதைக் கடித்தவன் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரைக் கூப்பிட ஓடினான், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், லெட்சுமி மேனேஜரின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "போதும்மா, நல்லாத்தான் இருக்கேன், விடு விடு" என்று எழுந்தவர் அங்கேயே, என் மேசையிலேயே, கையெழுத்துப் போட்டார். நாலு டிவிஷனுக்கும்.

நான் நாலு இடத்துக்கும் போனேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் என் தாயார் வயதுள்ள ஆயாக்களுக்கு நடுங்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். எங்கேயும் முதல் பாடம் ஒன்பதாம் பக்கம்தான். அந்தக் கொட்டகைகளில் அதற்கு 'கார் பக்கம்' என்றே பேராகிவிட்டது.

என் வீட்டில் நான் எதையாவது மறைக்கப் பார்த்தால் என் மகள், "அம்மா சோறு போட்டு ஒட்டிட்டாங்க" என்பாள். அந்த நாற்பத்தெட்டுப் பேரும் வளர்ந்து ராவாங்கிலும் கிள்ளானிலும் பரவிவிட்டார்கள். கல்யாண வீட்டில் எவனாவது ஒரு தொப்பைக்காரன் பந்தியில் எதிரே வந்து கையை நீட்டுவான். "அக்கா, எட்டு டீமும் ஜெயிச்சோம். எங்க ஐஸ்?" பையைத் திறந்து இருபது காசு எடுத்தால் வாங்கமாட்டான். ஒருமுறை லெட்சுமி மட்டும் வாங்கிக்கொண்டாள். (அவளே இப்போது ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை.) நீ மட்டும் எப்படி வாங்கலாம் என்று மற்றவர்கள் சண்டைக்குப் போகவே, மறுவாரம் பஸ் பிடித்து வந்து காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆகவே இன்றைய தேதிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்பது வெள்ளி அறுபது காசு.