இடப்பக்கமாகவே நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

அன்பும் மரியாதையும் என்றைக்கும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் இரண்டும் மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று நழுவ முடியாது பாருங்கள்.

போன மாதம் நம் வீட்டு கேட்டருகே நான் சைக்கிளோடு லேசாகச் சாய்ந்ததைப் பெரிதாக்கி, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மாமா, கோவிச்சுக்காதீங்க. சைக்கிள யாருக்காவது குடுத்துடுவோம். இல்ல, ஓட்டியே தீருவேன்னா, தனியா நாப்பது கிலோமீட்டர் போயிட்டு, யாருக்கும் போன் பண்ணாம வீடு வந்து சேருங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்." என் மகள் உங்கள் பக்கம் தலையாட்டினாள். உங்கள் அத்தையும் ஆட்டினாள்! முப்பத்துநாலு வருஷம் தபால் பையோடு மிதித்தவனிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கினால் மிச்சம் ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆகவே நேற்றுக் காலை ஏழு மணிக்கு, பெரிய ஏரிவரை போய்வருவது என்று கிளம்பினேன். நீங்கள் வாங்கித் தந்த, வழி சொல்லும் போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீங்களே சக்கரத்தில் மாட்டிய மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "மழக்கோட்டு எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டேன். வழியைப் பற்றிக் கவலையே இல்லை. எங்கள் தொழிலில் ஒரே விதிதான். பாதை எங்கே பிரிந்தாலும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வீடும் விடுபடாது, ஆளும் தொலைய மாட்டான். அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் கிளம்பிய ஆபீசுக்கே பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முதல் ஊர். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டை முதுகோடு ஒட்டி, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டி, ஒரு கிணற்றைத் தாண்டி மரத்தடியில் தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அம்மாள் முன்னால் இறங்கினேன். நீலக் கதவு போட்ட வீடு. ஒரு நொண்டி நாய் நிழலில் கிடந்தது. அந்த அம்மாள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "இந்த வயசுல தனியாவா வந்தீங்க?" என்று வாயைப் பிளந்தார். "அறுபத்தேழு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அந்த வெயிலில் மழைக்கோட்டு வேண்டாத சுமையாகத் தெரிந்ததால் அதைக் கேரியரிலிருந்து எடுத்து எங்கோ வைத்தேன். அங்கேயே மறந்தும் போனேன். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இடது, இடது என்று திருப்பிப் போனால், அரை மணியில் வானம் கரிப்பிடித்த சட்டியாகிவிட்டது. கோடை மழை இருக்கிறதே, சொல்லிக்கொண்டா வருகிறது! ஆலங்கட்டியோடு கொட்டியது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, குருட்டாம்போக்கில் மிதித்து, இருபத்தோராவது கிலோமீட்டரில் இரண்டாவது ஊரை அடைந்தேன். அங்கேயும் கிணற்றை அடுத்து ஒரு தையற்கார அம்மாள்! தலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி மெஷினை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கதவு கறுப்பு நிறம். மெலிந்த நாய் ஒன்று நனைந்து நடுங்கியது. துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்து, ஆணியில் மாட்டியிருந்த ஒரு மழைக்கோட்டைக் காட்டி, "ஐயா, இது உங்களோடது, எடுத்துக்குங்க" என்றார். என்னுடையதைப் போலவே இருந்தது. என்ன பெருந்தன்மை பாருங்கள்! ஆனால் நான் அடுத்தவர் பொருளை ஒரு நாளும் தொட்டவன் இல்லை. "வேண்டாம்மா, உரியவங்க வந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து, நனைந்தபடியே கிளம்பினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. தும்மல்தான் நிற்கவில்லை.

முப்பதாவது கிலோமீட்டரில் மூன்றாவது ஊர். அதற்குள் மழை ஓய்ந்து, சுளீரென்று வெயிலும் சூறைக்காற்றும். கண்ணில் மண். நம்பினால் நம்புங்கள், அங்கேயும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்கார அம்மாள், காற்றுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு! முகச்சாடையை வைத்துப் பார்த்தால் மூவரும் அக்காள் தங்கைகள், மூன்று ஊருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே தொழில் செய்கிறார்கள் என்று தோன்றியது. நான் போவதற்கு முன்பே வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் புகழ் எனக்கு முன்னால் போயிருக்கிறது! "மூணாவது ஊரும்மா இது" என்றேன். "அப்படியா! இன்னும் எத்தன ஊர் பாக்கி?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் அதிகம். ஏரிதான் கண்ணில் படவில்லை, கோடையில் வற்றியிருக்க வேண்டும். நான் கேட்காமலேயே வீட்டுக்காரர் ஒரு தார்ச்சாலையைக் காட்டி, "நேரா போங்க, எங்கயும் திரும்பாதீங்க" என்றார். பன்னிரண்டே கிலோமீட்டரில் நம் வீடு! மூன்று ஊர் தள்ளிப் போனவன் இவ்வளவு சீக்கிரம் வந்தது எனக்கே ஆச்சரியம்.

மீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. அத்தை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை, இந்த வயதில் இப்படியொரு நாள் எனக்கு மறுபடி கிடைத்ததே என்று கேட்டில் சாய்ந்து நின்று கொஞ்சம் அழுதுவிட்டேன். இந்தத் தடவை கேட் என்னைத் தாங்கியது. இனி நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

நீங்களும் என் மகளும் நூறாண்டு இணைபிரியாமல் வாழ வேண்டும். பேத்தி சீக்கிரம் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுத்தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: தபால்காரன் வீட்டில் உறை இல்லாமல் இரண்டு நாள் போய்விட்டது. அதற்குள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே என் மழைக்கோட்டு. காலருக்குள் நானே மையால் எழுதிய நம் வீட்டு விலாசம். கூடவே ஒரு சீட்டு: "ஐயா, நீங்க மூணு தடவையும் எங்க ஊருக்குத்தான் வந்தீங்க. உங்க முகத்துல இருந்த சந்தோஷத்தப் பாத்து சொல்ல மனசு வரல. நாலாவது தடவையும் வருவீங்கன்னு என் வீட்டுக்காரர் பந்தயமே கட்டினார். கிணத்தடியில வலது பக்கம் திரும்பினா ஏரி. தண்ணி நெறைய இருக்கு."

அத்தை இந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னாள். முப்பத்துநாலு வருஷத்தில் நான் ஒரு கடிதத்தையும் ஒளித்ததில்லை, அதனால் இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது கிலோமீட்டர் கணக்கு, ஊர்க் கணக்கு அல்ல. நாளைக் காலை மறுபடி கிளம்புகிறேன். கவலை வேண்டாம், இந்தத் தடவை எல்லாத் திருப்பத்திலும் வலப்பக்கம்தான்.