மாமனார் காரில் இட்லி மாவு

கார் ஓட்டத் தெரியாதவர்களால் ஒரு காருக்கு வரும் கெடுதல் ஒரு பங்கு என்றால், அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பவர்களால் வருவது பத்துப் பங்கு. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

மந்தைவெளியில் கீழ்வீட்டில் என் மாமனார், மாடியில் நானும் ஸ்டெல்லாவும். மாமனார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. எங்கள் கல்யாணத்தன்று ஸ்டெல்லாவை மாதா கோவிலுக்கு அந்தக் காரில்தான் கூட்டி வந்தார். (நீ அன்னைக்குப் பார்த்தது என்னையா, காரையா என்று ஸ்டெல்லா இன்னும் கேட்கிறாள். பதில் சொல்லாமலே காலம் ஓடுகிறது.) சின்ன மகள் ஜெனியும் அதே காரில்தான் போக வேண்டும், பக்கத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெனி பள்ளிக்கூடம் படிக்கும்போதே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு ஜனவரியில் கல்யாணம் என்று முடிவானதும் காருக்குத்தான் முதலில் பாலிஷ் போட்டார்.

இடையில் துபாயில் மகனுக்குக் குழந்தை பிறந்தது. மாமனாரும் மாமியாரும் மழைக்காலம் முழுக்க அங்கே இருந்து வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது, கைக்குழந்தையைக் கொடுப்பது போல் சாவியைக் கொடுத்தார்.

“மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அப்படியே ஈ.சி.ஆர். கடற்கரை ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடுங்க. வண்டி நல்லா சூடாகணும். அவ்ளோதான்.”

தலையாட்டினேன். ஆனால் முதல் ஞாயிறே மழை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோடு, குறுக்கே வரும் மாடு, இடுப்பில் உரசிக்கொண்டு போகும் பஸ். கல்யாணக் காரில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் குடும்பத்தில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்? யோசித்து யோசித்து, அறிவாளித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். காரை ஷெட்டை விட்டு நகர்த்துவதே இல்லை. தினமும் சாயங்காலம் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, அஞ்சு நிமிஷம் உறும விட்டு, அணைத்துவிட்டு, மேலே போய் காபி குடிப்பது.

மழைக்காலம் பூராவும் இதை ஒரு நாள் தவறாமல் செய்தேன். பல் தேய்ப்பதில்கூட நான் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. துபாயிலிருந்து போனில், வண்டி எப்படி ஓடுது என்று மாமனார் கேட்பார். சத்தமே இல்ல மாமா என்பேன். நின்றுகொண்டிருக்கும் கார் எப்படிச் சத்தம் போடும்?

அவர்கள் திரும்பி வந்தபோது வீடு கல்யாண அமர்க்களத்தில் இருந்தது. காரைத் தொட யாருக்கும் நேரமில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, ஒரு பொறுப்பான மாப்பிள்ளை ஆயில் பார்க்க வேண்டாமா என்று பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன்.

மூடியின் அடிப்பக்கம் முழுக்க இட்லி மாவு. சத்தியமாக இட்லி மாவேதான். கொஞ்சம் பழுப்பாக, நுரை நுரையாக, நன்றாகப் புளித்த பதத்தில். மோந்து பார்த்தேன். மாவு வாசனை இல்லை என்பது ஆறுதலா அதிர்ச்சியா என்று தெரியவில்லை.

அப்போதே மாமனாரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள்ளேதான் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போனில் வீடியோ தேடினேன். ஏதோ ஒரு பனி தேசத்தில், குல்லா போட்ட ஒருவர் இதே மாவைக் காட்டினார். என்ஜினுக்குள் சேரும் ஆவியும் புகையும் வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டாம், பிரீதர் என்று பெயராம். மாவு அதையும் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவு என்றார். சென்னைக்காரனுக்கு எஸ்கிமோ வைத்தியம்.

குழாயைக் கழற்றினேன். உள்ளே பற்பசை மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. அழுக்கு என்ஜினுக்குள் விழக்கூடாதே என்று, குழாய் மாட்டும் வாயில் என் பழைய பனியன் துண்டு ஒன்றைத் திணித்தேன். குழாயை மாடிக்குக் கொண்டுபோய், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பாட்டில் பிரஷும் வைத்து, ஸ்டெல்லா பார்க்காத நேரத்தில் கழுவினேன். கீழே இறங்கியதும், தி.நகரில் ஜெனியின் பிளவுஸ் தயாராம், தையல்காரர் கடையை மூடப் போகிறாராம், உடனே போ என்று மேலிருந்து ஸ்டெல்லாவின் குரல். அவசரமாகக் குழாயைச் செருகி, பானெட்டை மூடி, ஸ்கூட்டரை எடுத்தேன்.

பனியனை எடுத்தேனா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அன்று என்னிடம் அப்படிக் கேட்க யாருமில்லை.

கல்யாணப் பூசை காலை ஒன்பதுக்கு. அன்று கோவிலில் அடுத்து இன்னொரு கல்யாணமும் இருந்ததால், ஒன்பதுன்னா ஒன்பது, பெண் வரலேன்னா நான் வழக்கமான பூசையை ஆரம்பிச்சிடுவேன், உங்க கல்யாணம் அப்புறம்தான் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். சும்மா சொல்கிறவர் இல்லை. காரில் பூச்சரம். பின்சீட்டில் வெள்ளைப் பட்டும் தலையில் நீள வலையுமாக ஜெனி, அவள் கையைப் பிடித்தபடி கோட்டு போட்ட மாமனார். மற்றவர்கள் முன்பே கோவிலுக்குப் போய்விட்டார்கள். நான் சாரதி.

இரண்டு சிக்னல் தாண்டும் வரை ராஜ மரியாதைதான். மூன்றாவதில் பின்னாலிருந்து ஜெனி மெதுவாகக் கேட்டாள்.

“அத்தான், ஏதோ கருகுதே?”

“பக்கத்து பஸ்ஸும்மா” என்றேன். பக்கத்தில் பஸ் இல்லை.

பட்டினப்பாக்கம் நெருங்கும்போது பானெட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம். மூச்சு விட வழியில்லாத என்ஜின், ஆயில் அளவு பார்க்கும் கம்பியையே வெளியே துப்பியிருந்தது. கூடவே ஆயிலையும். அது சுடச்சுட இருந்த புகைக் குழாயில் பட்டுப் புகையானது. ரோடு தெரியவில்லை. ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கினேன். மிச்சம் இருந்த ஆயில் என் புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

மாமனார் இறங்கினார். காரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். ஜெனி பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து சேர்த்து வைத்த ஆசை அங்கே புகைந்துகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஆயில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே மீன் கூடையோடு ஒரு அம்மா. எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, கல்யாணப் பொண்ண நடு ரோட்ல நிக்க வச்சிகினுகீறே? கோயிலுக்குத்தான? ஏறும்மா நீ.”

மாமனார் தயங்கினார். ஜெனி தயங்கவில்லை. புடவையை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு ஏறி, “அப்பா, கார்ல போறதா முக்கியம்? நீங்க பக்கத்துல உக்காரணும், அவ்ளோதானே? வாங்க” என்றாள். அவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மீன்கார அம்மா கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, தலை வலை தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காரை ஓரத்திலேயே பூட்டிவிட்டு வந்த எனக்கு டிரைவர் பக்கத்தில் அரை சீட்.

“சார், ஆயில் கையோட என்னிய தொடாத” என்றார் டிரைவர்.

கோவில் வாசலில் எல்லோரும் பூ வைத்த வெள்ளைக் காரை எதிர்பார்த்துத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தபடி ஆட்டோ வந்து நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஜெனி இறங்கியதும் மாப்பிள்ளைப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். ஃபாதர் வாட்சைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பூசைக்கே உள்ளே திரும்பினார். தப்பித்தோம்.

மத்தியானம் விருந்தில் மாமனார் என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பனியன் உட்பட. சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் பிரியாணி தேக்சா பக்கம் போய், மூடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

“இது என்ன மாப்பிள்ளை?”

“ஆவி, மாமா.”

“அடுப்பு நல்லா எரிஞ்சா இது வெளிய போயிடும். அஞ்சு நிமிஷத்துல அணைச்சுட்டா?”

“உள்ளயே தங்கிடும்.”

“தங்கி, ஆயிலோட கலந்தா?”

“இட்லி மாவு மாமா.”

“பாஸ்” என்றார் பழைய வாத்தியார். பந்தியே கைதட்டியது.

அடுத்த ஞாயிறு, பனியனை உருவி, ஆயில் மாற்றி, மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மகாபலிபுரம் வரை ஓட்டினார். இன்னொரு முறையும் போனோம். மாவு போயே போச்சு. வண்டி இன்றும் நன்றாக ஓடுகிறது.

ஆனால் ஆட்டோதான் நிலைத்துவிட்டது. ஜெனியின் வாழ்க்கை அமோகமாக இருப்பதைப் பார்த்து, அது ராசி என்று மாமியார் அறிவித்துவிட்டார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த கல்யாணம் ஒவ்வொன்றிலும், வீட்டில் எத்தனை கார் நின்றாலும், பெண்ணும் அப்பாவும் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில்தான் போகிறார்கள். அதைக் கை காட்டி நிறுத்தும் உரிமை மூத்த மாப்பிள்ளைக்கு. பட்டு வேட்டியில் ரோட்டோரம் நிற்கிறேன். பின்னாலிருந்து மாமனார் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொல்கிறார்: “நிறுத்தினா போதும் மாப்பிள்ளை. எதையும் திறந்து பாக்காதீங்க.”