லீவுக்காக விழுங்கிய ஒரு மாதம்

பிரசவ லீவை என்றைக்கு ஆரம்பிப்பது என்று யாராவது ஒரு பெண் என்னிடம் யோசனை கேட்டால், தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவேன். எனக்குத் தெரியாது என்பதால் அல்ல, தெரிந்ததை வெளியே சொல்ல முடியாது என்பதால். இந்த விஷயத்தில் நான் காட்டிய புத்திசாலித்தனத்தை விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் நாற்பது பேர் நேரில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் நல்ல ஞாபக சக்தியோடு இருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். சூளையிலிருந்து வருகிற கட்டைகளை ஒரு குச்சியால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு வித்தை கைவந்ததும் உலகத்தில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து முடித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. (அந்தக் காலத்துப் போட்டோக்களில் என் முகவாய் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கேமராக்காரர் மேல் தப்பில்லை.)

என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மிஸ்டு கால் கொடுத்தே நாங்கள் குடும்பம் நடத்திய காலம் அது. அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு மாத லீவில் வந்தார். தை அமாவாசைக்கு மறுநாள் திரும்பிப் போனார். சென்னைக்கு லோடு ஏற்றிப் போகும் எங்கள் கம்பெனி வேனிலேயே ஏர்போர்ட் வரைக்கும் போய்விடலாம் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்ல, டிரைவர் ரவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் டாட்டா காட்டியதைக் கம்பெனி மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. (இந்தத் தகவலைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் வைத்துக்கொள்ளவில்லை.)

அவர் போன கையோடு நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. டாக்டரம்மா தேதி குறித்துக் கொடுத்தார். தீபாவளியை ஒட்டி, ஐப்பசியில்.

கம்பெனியில் பிரசவத்துக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு உண்டு. முதலாளி அதில் வஞ்சனை செய்யமாட்டார். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. முன்பு ஒரு பெண்ணுக்கு மண் பிசையும் இடத்திலேயே வலி எடுத்து, இவரே காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கேயே மயங்கி விழுந்தாராம். அவருக்கும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறியதாக ஊரில் பேச்சு. அன்றிலிருந்து கர்ப்பிணி என்றாலே அவருக்கு வியர்க்கும்.

"எட்டு முடிஞ்சு ஒம்பது பொறந்துச்சுன்னா கேட்டுக்குள்ள கால வெக்கக் கூடாது. லீவு அன்னிக்கே ஆரம்பம். ஆமா, சொல்லிட்டேன்" என்றார்.

அப்படியானால் குழந்தை பிறக்கும் முன்பே ஒரு மாதத்துக்கு மேல் லீவு கரைந்துவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. பெற்ற அப்பா ஒன்றரை வருஷம் கழித்துத்தான் குழந்தையைப் பார்க்கப் போகிறார். நானாவது மூன்று மாதம் முழுசாக அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. இதுவரைக்கும் என்மேல் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. இதற்கு மேல்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

அதற்கு அடி எடுத்துக் கொடுத்தவர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கண்ணேறு விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார், என் அம்மா உட்பட.

"தெருவுல எவ கேட்டாலும் ஒரு மாசம் கொறச்சே சொல்லு. நெசத்தச் சொன்னா கண்ணு பட்டுடும்" என்றார்.

தெருவுக்குச் சொல்கிற பொய்யை ஆபீசுக்கும் சொன்னால் என்ன? அத்தையிடம்கூடச் சொல்லாமல், கம்பெனியிலும் ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டேன். நிஜத்தில் ஐந்து என்றால் கம்பெனியில் நான்கு. நிஜத்தில் ஒன்பது முடியும்போது அவர்களுக்கு எட்டு முடியும். முதலாளி சட்டத்தை ஒரு வரிகூட மீறாமல், பிரசவத்துக்கு நாலைந்து நாள் முன்பு வரை வேலை பார்த்துவிட்டு, மூன்று மாதத்தையும் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடலாம். இப்படி ஒரு யோசனை இதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் தோன்றியதில்லை என்று நினைத்தேன். தோன்றியிருக்கும், அவர்களுக்கெல்லாம் புத்தி இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

வயிறு என்னோடு ஒத்துழைக்கவில்லை. தூசுக்காகச் சேலைக்கு மேல் போடுகிற கணவரின் பழைய முழுக்கைச் சட்டை ஆவணியிலேயே பொத்தான் போட மறுத்தது. "ஆறு மாசத்துக்கு இம்மாம் பெரிசா? ரெட்டப் புள்ளையோ?" என்று பேக்கிங் பெண்கள் கேட்பார்கள். "எங்க வம்சத்துல அப்படித்தான்" என்பேன். பேக்கிங்கில் எல்லோருக்கும் மூத்தவர் அஞ்சலை. அவர் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். ஃப்யூஸ் கட்டைக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டே என் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மண் அரைக்கிற பந்து மில்லைக் கழுவிச் சந்தனம் வைத்து, சூளை வாசலுக்கு மாவிலை கட்டி, என் தட்டுகிற குச்சிக்குக்கூடக் குங்குமம் வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் அத்தையும் வந்திருந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, "வர்ற வியாழக்கிழம என் மருமவளுக்கு வளைகாப்பு. ஸ்ரீமுஷ்ணத்துல அவங்கம்மா வூட்டுல. எல்லாரும் வந்துடணும்" என்று ஆள் ஆளுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, முதலாளி வீட்டம்மாவை அழைக்க ஆபீஸ் ரூமுக்குள் போனார்.

வளைகாப்புக்கு நாள் குறித்தது எனக்குத் தெரியும். அது முடிந்து அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாலும், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்துவிடலாம் என்றுகூடத் திட்டம் வைத்திருந்தேன். (நிறைமாத வயிற்றோடு, அந்த ரோட்டில். என்னை அப்போதே யாராவது நாலு அறை விட்டிருக்கலாம்.) ஆனால் இந்த நாற்பது பேரையும் அத்தை அழைப்பார் என்பது என் திட்டத்தில் இல்லை.

அஞ்சலை குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், உங்களுக்கு இப்ப எட்டாவது மாசந்தான நடக்குது?"

"ஆமா."

"எட்டுல எவனாச்சும் வளைகாப்பு வெப்பானா? ஏழுல வெப்பாங்க, ஒம்பதுல வெப்பாங்க. எட்டுல வெச்சு நான் பாத்ததில்லியே."

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறா அஞ்சலையம்மா" என்றேன், டிப்ளமோ படித்த குரலில்.

"சரி, கொழந்த எப்பவாம்?"

"கார்த்திக பொறப்புல."

அஞ்சலை கையை நீட்டி விரலை மடக்க ஆரம்பித்தார். ஐப்பசி, புரட்டாசி, ஆவணி என்று பின்னாலேயே போனார். அவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வளைகாப்புக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பார்த்தார். சித்திரை, பங்குனி, மாசி. ஒன்பதாவது விரலில் நின்றார். நின்றவர் முகம் மாறியது.

"மாசியா?" என்றார். "உங்க வூட்டுக்காரரு தையிலயே போயிட்டாரே?"

பொரி தின்றுகொண்டிருந்த டிரைவர் ரவி, ஒரு தகவல் தேவைப்படுகிறது என்று நினைத்து உதவிக்கு வந்தான். "ஆமா, தை அமாவாச மறுநாளு. நான்தான கொண்டுபோய் ஏர்போர்ட்ல வுட்டேன். உள்ள போற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் கையிலிருந்த சுண்டலையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் லீவு மட்டும் போயிருக்கும். ஒரு பெண்ணுக்கு மானம் பெரிதா, லீவு பெரிதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சரியாகப் பதில் சொல்லும். நான் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தேன்.

"மாசியில ரெண்டு நாள் வந்துட்டுப் போனாரு" என்றேன். "அவசர வேலையா. யாருக்கும் தெரியாது."

"யாரு வந்தது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அத்தை கையில் காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் புள்ள வந்தானா? மாசியிலயா? ரெண்டு நாளா?"

என் நிஜ மாதம் என்ன என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். எனக்கு வாந்தி வந்த முதல் நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. பிள்ளை ஊருக்கு வந்துவிட்டுப் பெற்றவளைப் பார்க்காமல் போய்விட்டான் என்பது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. தட்டைக் கீழே போட்டார்.

"எங்க தங்குனான்? உங்கம்மா வூட்டுலயா? அங்க தங்கி மீன் கொழம்பு தின்னுட்டு அப்படியே போயிட்டானா? பெத்தவ இந்த ஊர்லதான கெடக்குறேன்! என்னை ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா?"

சூளை வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். முதலாளியும் அவர் வீட்டம்மாவும் ஓடி வந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து முதலாளி துண்டைத் தோளிலிருந்து எடுத்தேவிட்டார்.

இனி வழியில்லை. மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்று, நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாசியில் வரவில்லை, எனக்கு எட்டு இல்லை ஒன்பது, குழந்தை கார்த்திகையில் இல்லை ஐப்பசியில், எல்லாம் லீவுக்காக.

அஞ்சலை நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அட, வெறும் பொய்யா! நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

முதலாளிக்கு அந்த நிம்மதிகூடக் கிடைக்கவில்லை. "ஒம்பதா? ஒம்பது நடக்குதா? இத்தினி நாளா என் சூளப் பக்கத்துல நின்னது ஒம்பது மாசமா?" என்று நாற்காலியைத் தேடினார். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "மயிரிழை விரிசல் இருந்தாலும் தட்டிக் கண்டுபுடிக்கிற பொண்ணு, ஒரு முழு மாசத்தையே முழுங்கிட்டு நிக்குது பாரு! ரவி, வண்டிய எடு. இன்னிலேர்ந்து லீவு."

லீவு அன்றைக்கே ஆரம்பித்தது, டாக்டரம்மா குறித்த தேதிக்கு இருபது நாள் முன்னாலேயே. வியாழக்கிழமை வளைகாப்புக்கு நாற்பது பேரும் ஒருவர் விடாமல் வந்தார்கள். வளையல் அடுக்கும்போது ஒவ்வொருத்தியும் என் காதருகே குனிந்து, "ஒம்பதுதான?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுக்கினாள்.

குழந்தை என்னைவிடப் பிடிவாதம். தீபாவளி வந்தது, போனது. அதிரசம் தீர்ந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, அம்மா வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, என் லீவு நாள் நாளாகக் கழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழித்து, எந்த அவசரமும் இல்லாமல் என் மகள் பிறந்தாள். அதற்குள் மூன்றில் ஒரு மாதம் சும்மா போய்விட்டது.

இரண்டு மாதக் குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் முதலாளியே பேக்கிங் கொட்டகைக்கு வந்து, மில் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "ஏம்மா, போன் வந்துச்சு! ஒம் பொண்ணு குப்புற விழுந்துட்டாளாம்! உங்க அத்த தேங்கா ஒடச்சிட்டாங்களாம்!" பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். பிறகு வைக்கோல் போடுகிற ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதல் தடவை அவள் தலையைத் தூக்கி யாரைத் தேடினாளோ, அங்கே நான் இல்லை.

அழுகைக்கு நடுவிலும் என் பாழாய்ப்போன மூளை கணக்குப் போட்டது. பொய் முழுசாகப் பலித்து ஐப்பசிப் பிறப்பில் லீவு எடுத்திருந்தாலும், அவள் குப்புற விழுவதற்கு ஒரு வாரம் முன்பே லீவு முடிந்திருக்கும். ஆக, அவ்வளவு அசிங்கப்பட்டதும் சல்லிக் காசுக்குப் பிரயோஜனமில்லை.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவர் துபாயை விட்டுவிட்டு ஊரோடு வந்து ஏ.சி. கடை வைத்திருக்கிறார். கம்பெனி ஆட்கள் யார் கடைக்கு வந்தாலும், "மாசியில வந்தப்ப எங்கள எல்லாம் பாக்காமயே போயிட்டீங்களே சார்" என்று கேட்காமல் போவதில்லை. அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். அத்தையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மை முழுக்க அவருக்குத் தெரியும், ஊருக்கே விளக்கிச் சொல்வார். ஆனாலும் மகன் தனியாகச் சாப்பிட உட்காரும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்துவார்: "நான் கோவிச்சுக்க மாட்டேன்டா. இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு. அந்த மாசியில வந்தியா, இல்லியா?"

போன பொங்கலுக்கு அவர் சலித்துப்போய், "ஆமாம்மா, வந்தேன், போதுமா?" என்று சொல்லிவிட்டார். அத்தை அவரோடு மூன்று நாள் பேசவில்லை. என்னோடு ஒரு வாரம்.