சிந்தனைச் சித்தரின் மஞ்சள் செம்பு

திருவரங்குளத்தில் யாரும் சொந்தமாகச் சிந்தித்து மூன்று மாதமாகிறது. அந்த வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார் சிந்தனைச் சித்தர். காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் கொட்டகை முன்னால் திருவிழாக் கூட்டம். ஆலங்குடியிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வாழ்க்கை, ஒழுக்கம், கலை, எதைப் பற்றி வேண்டுமானாலும் தினம் ஆளுக்கொரு சிந்தனை. வானத்திலிருந்து நேரடி சப்ளை!

கூடையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உயர்த்திக் காட்டுவார் சித்தர். ஒன்றும் இருக்காது. செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார். ரத்தச் சிவப்பில் எழுத்து கிளம்பும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வாங்கியவர் மனதுக்குள் படித்துவிட்டு, தாளை அங்கேயே தீயில் போட்டுவிட வேண்டும். வெளியே சொன்னால் பலிக்காதாம். பக்கத்து ஆளுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பிழைப்பு ஓடுமா?

சொர்ணவல்லி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஊரில் எந்தக் கல்யாணமென்றாலும் ஆரத்தி கரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், அத்தனை கைராசி. அவள் மகள் சுகுணாவுக்குக் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். சனிக்கிழமை காலை கொட்டகையிலிருந்து திரும்பிய சொர்ணவல்லி, கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்துக் கொட்டினாள்.

"நீ எங்கிட்டும் போக வேணாம். சிந்தனை வந்துருச்சு."

"என்னம்மா வந்துச்சு?"

"சொல்லக் கூடாதுடி. சொன்னா பலிக்காது."

சுகுணா அழுதாள், கத்தினாள், சாப்பிடாமல் கிடந்தாள். சொர்ணவல்லிக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் வானமே எழுதி அனுப்பிய பிறகு, பெற்றவள் என்ன செய்வாள், பாவம்!

சாயங்காலம் அம்மாவின் சேலையைத் துவைக்கப் போட்டாள் சுகுணா. அதில் கொட்டகை மஞ்சள் தண்ணீர் தெறித்த புள்ளிகள். சோப்புப் பட்டதும் ஒவ்வொரு புள்ளியாகச் சிவந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அம்மாவுடன் அவளும் வரிசையில் நின்றாள்.

"எனக்கொரு சிந்தனை வேணுங்க. தாளு நானே கொண்டாந்துருக்கேன்."

சித்தர் முகம் சுளித்தார். "வெளித்தாளில் இறங்காது, குழந்தாய்."

"வானத்துல இருந்து எழுதுறவருக்கு எந்தத் தாளா இருந்தா என்னங்க?"

"நியாயந்தானே சாமி, தெளிங்க" என்றான் பின்னால் நின்ற நாகராசு.

எழுத்து வராது, 'நம்பிக்கை இல்லாதவளுக்கு இறங்காது' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று தைரியமாகவே தெளித்தார் சித்தர். வந்தது! அதுவும் பளிச்சென்று. நாகராசு எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்:

"இதை நேற்று சாயங்காலம் எழுதியது சுகுணா."

சித்தருக்கு வியர்த்தது. "அம்மனே இந்தப் பெண் மேல் இறங்கி..."

"அம்மன் இல்லீங்க, துணி தொவைக்கிற சோடா. தண்ணியில கரைச்சு எழுதிக் காய வச்சேன்."

சொன்ன வேகத்தில் செம்பைப் பிடுங்கிக் கூடையின் மேல் கவிழ்த்தாள். கூடை முழுக்கச் சிவந்தது. ஆளுக்கொரு தாளாக அள்ளினார்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: "இருக்கும் இடத்திலேயே இரு."

"அடப்பாவி! இதைப் படிச்சுட்டுத்தானே நேத்து சிங்கப்பூர் வேலையை வேணாம்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் நாகராசு. ஊரைவிட்டு ஆள் கிளம்பிவிட்டால் வரிசையில் யார் நிற்பது? சித்தர் சரியாகத்தான் சிந்தித்திருக்கிறார். அந்தக் கொட்டகையில் சிந்தித்தது அவர் ஒருவர்தான்.

சொர்ணவல்லியின் கையிலும் ஒரு தாள் இருந்தது. "எனக்கும் நேத்து இதேதான்டி வந்துச்சு" என்றாள். "ஆனா தண்ணி பட்டதும் எப்புடிடி செவக்குது?"

"ஏம்மா, மஞ்சள்ல சுண்ணாம்பைப் போட்டு ஆரத்தி கரைக்கிறியே, அது எப்புடிச் செவக்குது? சுண்ணாம்புக்குப் பதிலா சோடா. அம்புட்டுத்தான்."

சொர்ணவல்லி தன் கையைப் பார்த்தாள். எத்தனை கல்யாணம், எத்தனை தட்டு! வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை நிமிர்த்தினால், சித்தர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"எங்கிட்டுப் போறீங்க சாமி? போலீசு வர்ற வரைக்கும் இருக்குற எடத்துலயே இருங்க!"

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மகளைக் கும்பகோணத்துக்கு அவளே கூட்டிப் போனாள்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மூளையோடு ஒரு கேள்வி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் வீட்டுக்கு வீடு ஒரு தடவை கரைத்துப் பாருங்கள். செலவு ஒன்றும் ஆகாது.