தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அக்கா வீட்டுக்காரன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே தனியாக, சுமாரான நலத்தில் இருக்கிறேன். அங்கே தாங்களும், தங்கள் மனைவியும், பிறந்து பதினொரு நாளான என் மருமகளும் பூரண நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: தங்கள் அக்காவைத் திருப்பி அனுப்பக் கோருவது தொடர்பாக.

பார்வை: மேல்வீட்டுக்காரர் போனிலிருந்து நான் மூன்று முறை அழைத்ததும், என் குரல் கேட்டவுடன் மூன்று முறையும் தாங்கள் வைத்ததும்.

மன்னிக்கவும் மச்சான். முப்பத்துநான்கு வருடம் பதிவறையில் கோப்பு கட்டிய கை, கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நடந்த அத்தனைக்கும் இந்தக் கைதான் காரணம்.

பதிவறையில் ஒரு கோப்பை மூன்றாம் தட்டிலிருந்து இரண்டாம் தட்டுக்கு இறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு போன் கொடுத்தார்கள். அதில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து இழுத்தேன், வந்தது. ஏன் எடுத்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதலில் பின்னணிப் படத்தை மாற்றினேன், பிறகு எல்லா ஐகான்களையும் கூடத்துச் சுவரின் இளம்பச்சைக்குத் தோதாக ஒரே நிறத்தில் வட்டமாக்கினேன், அடியில் பெயர் இருந்தால் நெரிசலாகத் தெரிகிறதே என்று பெயர்களையும் எடுத்தேன். கேமரா எது கால்குலேட்டர் எது என்று எனக்கே தெரியாது, ஆனால் பார்க்க அவ்வளவு லட்சணம். இதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் என் திரையைப் படம் பிடித்துப் போட்டேன், நூற்றுப்பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். வேலையில் இருந்தவரை எனக்கு ஒருத்தர்கூட இதயம் போட்டதில்லை.

என் போனோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் அக்கா போனையும் அழகுபடுத்தினேன். அவளுடைய தையல் வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நான் போட்ட எழுத்துரு மிக நேர்த்தியானது, எண்களைப் பழைய தமிழ் எண்களாகக் காட்டும். அதில் எட்டு பார்ப்பதற்கு 'அ' மாதிரி இருக்கும், ஏழு 'எ' மாதிரி இருக்கும். கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள். "ஏங்க, இடுப்பளவு இருக்கிற இடத்துல அனா, எனான்னு இருக்கு. நான் சட்டை தைக்கவா, அரிச்சுவடி தைக்கவா?" என்றாள். நான் சிரித்தேன். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தவறு. மதியம் இரண்டிலிருந்து நான்குவரை அவள் சற்றுக் கண்ணயரும் நேரம். அப்போது போன் அடிக்கக் கூடாது, வருகிற அழைப்புக்கும் செய்திக்கும் போனே பதில் போட வேண்டும், போட்டுவிட்டு அவற்றை ஒரு தனி அடைவில், அதாவது போல்டரில், கட்டி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அடைவு கண்ணில் பட்டால் திரையின் அழகு கெடுமே என்று அதை மறைத்தும் வைத்தேன். பதில்களை நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதினேன், வேறென்ன செய்வது?

ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா துணி தைத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். 'உரிய ஆவணங்களின் இரு நகல்களுடன் நேரில் வரவும்' என்று போன் பதில் போட்டிருக்கிறது. பாவம், அடையாள அட்டை நகல் இரண்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இது போதுமாங்க, இல்ல பொண்ணையும் கூட்டிட்டு வரணுமா?"

அப்போதுதான் உங்கள் அக்கா என்னைத் திறக்கச் சொல்லி அந்த அடைவைப் பார்த்தாள். நான்கு நாளைக்கு முன் நீங்கள் அனுப்பியது அதில் இருந்தது. 'அக்கா, பொண்ணு பொறந்திருக்கா! உடனே கூப்பிடு.' அதன் கீழே, 'தங்கள் மனு எண் 47 பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது. முப்பது வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்.' அதற்கும் கீழே நீங்கள், 'அக்கா, விளையாடாத.' அதற்குப் பதில், 'நினைவூட்டுக் கடிதம் தேவையில்லை.'

அவள் கத்தவில்லை மச்சான். கத்தியிருந்தால் தேவலை. தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். "பன்னெண்டு வருஷமா இந்த ஒரு சேதியைச் சொல்லத்தானே என் தம்பி காத்துட்டு இருந்தான்? அதுக்குப் போய் மனு நம்பர் குடுத்திருக்கீங்களே" என்றாள். பெட்டியையும் போனையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் தூக்கி வளர்த்த தம்பி நீங்கள். உங்களை அப்படி நிற்க வைத்தது என் திமிர், வேறு எதுவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. திருந்திவிட்டேன் என்று காட்ட என் போனைப் பழையபடி ஆக்கப் பார்த்தேன். பாதியில் நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் அதுவும் அணைந்தது. குழுவில் இந்த நிலைமைக்குச் செங்கல் என்று பெயர். இப்போது அதைத்தான் இந்தத் தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. மிஷின் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இனி எந்தப் போனிலும் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த மாட்டேன், இது சத்தியம். அவளை அனுப்பி வையுங்கள்.

மருமகள் நூறாண்டு வாழ என் ஆசிகள். தங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கோரும் மனுதாரர்

பி.கு.: ஒன்று மறந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் அக்காவின் பிறந்தநாள். அன்று காலை சரியாக ஐந்து மணிக்கு, நானே எழுதி நானே பாடிய வாழ்த்துப் பாட்டு அவள் போனில் முழுச் சத்தத்தில் ஒலிக்கும். சத்தத்தைக் குறைக்க முடியாது. அணைத்து வைத்தாலும் தானே எழுந்து பாடும், அந்த ஏற்பாட்டுக்கு மட்டும் ஒன்பது நாள் உழைத்தேன். பச்சைக் குழந்தை உள்ள வீடு என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. என் வலது பெருவிரல் ரேகையை வைத்தால் மட்டுமே நிற்கும். வியாழக்கிழமைக்குள் அவளை இங்கே அனுப்புங்கள், அல்லது பெருவிரலை அங்கே வரச் சொல்லுங்கள். முப்பது வேலை நாட்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.