கேம் பெட்டிக்கு ஒரு மனு

ஒரு பொருள் இப்போதெல்லாம் வருவதில்லை என்று கடைக்காரர் சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? "சரி, இருக்கறதைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவோம். இப்படிப்பட்ட சோம்பேறிகளால்தான் உலகம் கெட்டுப்போயிற்று என்று நினைக்கிற ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு மறுபடிக்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நின்றுபோன எதுவும் அவர்களுக்கு மறுபடி வேண்டும். கம்பெனி மறுபடி தயாரிக்க வேண்டும். அதே நிறத்தில், அதே அளவில், முடிந்தால் அதே கோளாறுகளோடு.

மறுபடிக்காரரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் ஆசையாக வாங்கி வந்த புதுச் சாமானைக் கையில் வாங்கி, இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, காதருகே கொண்டுபோய், மூடியைத் திறந்து மூடித் திறந்து, கடைசியில் உங்களிடமே திருப்பிக் கொடுத்து, "கனமே இல்லையே" என்பார். கனம் குறைந்தது உங்கள் குற்றம்போல ஒரு பார்வை வேறு. அடுத்து "அப்பல்லாம்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உட்கார ஒரு நாற்காலி தேடிக்கொள்வது நல்லது.

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை கண்ணாடிக் கடை. அதன் முதலாளிக்கு நாற்பத்தாறு வயது. நல்ல மனிதர். கண்ணுக்குப் பவர் பார்ப்பதில் கெட்டிக்காரர். தெருவில் அவருக்கு 'மறுபடி சார்' என்று பெயர். அவர் கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான். டிவியில் மாட்டி, கேசட்டைச் சொருகி, ஒயர் வைத்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு விளையாடுவோமே, அந்தச் சாம்பல் நிற கேம் பெட்டி. பன்னிரண்டாவது வயதில் அது அவர் வீட்டுக்கு வந்தது. பதினைந்தாவது வயதில் புகை விட்டு நின்றுபோனது. அதன் பிறகு அவர் படித்தார், வேலை கற்றார், கல்யாணம் செய்துகொண்டார், கடை திறந்தார். அவரைப் பொறுத்தவரை இதெல்லாம் அந்தப் பெட்டி மறுபடி வரும்வரை பொழுதைப் போக்கச் செய்த காரியங்கள்.

எனக்குக் கிட்டப் பார்வை மங்கியபோது அவரிடம்தான் போனேன். கனமான ஓர் இரும்புச் சட்டத்தை என் மூக்கின்மேல் ஏற்றி, அதில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகளைச் சொருகி எடுத்தார்.

"இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு."

"தெளிவு!" என்று கசந்துபோய்ச் சொன்னார். "இப்ப வர்ற கேமெல்லாம் அப்படித்தான் சார். ஒரே தெளிவு. தலைமுடி ஒவ்வொண்ணும் தனியா தெரியுது. எதுக்கு? அப்பல்லாம் ஒரு ஆள்னா நாலு கட்டம். தலைக்கு ஒண்ணு, உடம்புக்கு ரெண்டு, காலுக்கு ஒண்ணு. மூக்கு, முழியெல்லாம் நாமளே நெனச்சுக்குவோம். மூளை வளர்ந்துது."

தெளிவைத் திட்டுகிற கண்ணாடிக் கடைக்காரரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எழுந்து போகலாமென்றால் மூக்கில் இரும்புச் சட்டம். கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

இன்னொரு பழக்கம், எதையும் ஊதுவது. அந்தக் காலத்துக் கேசட் வேலை செய்யாவிட்டால் வெளியே எடுத்து அடிப்பக்கத்தில் ஊதிப் போடுவார்கள், ஓடும். அந்த வைத்தியத்தை அவர் கைவிடவே இல்லை. கார்டு தேய்க்கிற கருவி மக்கர் செய்தால் வாடிக்கையாளரின் கார்டை வாங்கி ஊதுவார். என் கடைக்கு யாராவது பென் டிரைவ் கொண்டுவந்து அது திறக்காவிட்டால், கூப்பிடாமலேயே வந்து ஊதுவார். சில சமயம் திறந்தும் தொலைக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பேசிப் பேசிப் பார்த்தவர், ஒருநாள் மனு எழுதிவிட்டார். 'மேற்படி கேம் பெட்டியை எவ்வித மாற்றமும் இன்றி மறுபடியும் தயாரித்து, கெட்டுப்போன தலைமுறையைக் காப்பாற்றும்படி' கம்பெனிக்கு வேண்டுகோள். அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான். கையெழுத்து எங்கே வாங்குவது? கடையிலேயே. யாரிடம்? பவர் பார்க்க வந்தவர்களிடம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"என்னங்க எழுதியிருக்கு? ஒண்ணும் சரியா தெரியலையே."

"அது தெரியாமத்தானே இங்க வந்திருக்கீங்க? போடுங்க, போடுங்க."

இப்படி எட்டு மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. அதில் பாதி கோட்டுக்கு மேலே மிதந்தது, கால்வாசி பக்கத்துப் பெயரின்மேல் ஏறிக்கொண்டது. மக்களின் எழுச்சி என்றார் அவர்.

வீட்டில் மட்டும் எழுச்சி இல்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத பிறவி. ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தபோது தன் கைபேசியை நீட்டினார்.

"ஏங்க, அந்த கேம் இதுலயே இருக்குதாம். இதை விளையாடுங்களேன்."

அவர் பார்த்தார். அதே ஆள், அதே நாலு கட்டம், அவன் தாண்டிக் குதிக்க வேண்டிய அதே பள்ளம்.

"ஒயர் எங்க?"

"ஒயர் எதுக்கு?"

"ஒயர் இல்லாம எப்படிம்மா விளையாடறது? தூரத் தூரமா உக்காந்துக்கறதுக்கா? அந்த ஒயர் நீளத்துக்குள்ள எல்லாரும் ஒண்ணா உக்காந்திருந்தோம். குடும்பம்னா அது."

"சரி, பெட்டி வந்தா எத்தனை மணிக்கு விளையாடுவீங்க? காலைல ஒம்பது மணிக்குக் கடை. சாத்திட்டு வந்ததும் தூங்கிடுறீங்க."

"அது வேற விஷயம்" என்றார். மறுபடிக்காரரிடம் பதில் இல்லை என்பதற்கு அடையாளம் இந்த வாக்கியம்தான்.

மனைவி சொன்னதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தங்கை செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு ஒரே தங்கை, மூன்று வயது இளையவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, லாரி நீள இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கித் தரையில் வைக்கிற வேலை. மனுவை அவரிடம் நீட்டியபோது ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "நான் போட மாட்டேன் அண்ணா" என்றார். கண் நன்றாகத் தெரிகிறவர்களிடம் இதுதான் தொல்லை.

"ஏன்?"

"வேணாம். அவ்வளவுதான்."

"அது நம்ம ரெண்டு பேரும் விளையாடின பெட்டி!"

தங்கை ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் போட்ட கையெழுத்தைச் சொந்தத் தங்கை போடவில்லை என்று மறுபடி சார் என்னிடம் வந்து புலம்பினார். அடுத்த ஐந்து மாதம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. சிரிக்காதீர்கள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நீங்கள் யாரோடோ பேசாமல் இருப்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அது நடந்தது. கம்பெனி பெட்டியை மறுபடி தயாரித்துவிட்டது!

மனு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் படித்தார்களா, யாருக்கும் தெரியாது. ஆனால் செய்தி வந்த அன்று தெருவே அவர் கடைக்கு வந்து கை குலுக்கியது. பார்சல் வந்த நாளில் நாங்கள் பத்துப் பேர் கடைக்குள் நெருக்கியடித்து நின்றோம். நகத்தால் ஒட்டுக் காகிதத்தைக் கீறி, பெட்டியைத் தூக்கினார். கையில் வைத்து ஆட்டினார். முகம் மாறியது.

"கனமே இல்லையே."

கடை டிவியில் மாட்டினார். கேசட்டை ஊதினார். ஊதாமலே ஓடும் என்று பெட்டிமேலேயே எழுதியிருந்தது. அது அவருக்கு அவமானமாகப் பட்டது. விளையாட்டு ஆரம்பித்தது. நாலு கட்ட ஆள் ஓடினான். ஓடி, முதல் பள்ளத்தில் விழுந்து செத்தான்.

"கை பழகணும்" என்றார். மறுபடி ஓடினான். மறுபடி அதே பள்ளம். ஆறு தடவை. கூட்டம் ஒவ்வொருவராக, "கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்" என்று நழுவியது. நான் மட்டும் மிஞ்சினேன். என் கடை பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் சாக்கு எனக்கு இல்லை.

"பள்ளத்தை அகலமாக்கிட்டாங்க சார்" என்றார், கண் கலங்காத குறையாக. "இது அது இல்ல."

இரண்டே நாளில் அடுத்த மனு தயார். 'மறுபடியும் தயாரித்ததை உடனே நிறுத்தி, மறுபடியும் சரியாகத் தயாரிக்கும்படி.' பெட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். பிழை திருத்தப் பிரதியையும் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். போனேன். நான் செருப்பைக் கழற்றும்போதே பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. தங்கை.

"பெட்டி வந்துடுச்சாமே. அண்ணி சொன்னாங்க" என்று உள்ளே வந்தவர், நேராக டிவிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "போடு அண்ணா, பாக்கணும்."

"நீ பாக்காததா?"

"நான் எங்க பாத்தேன்?"

மறுபடி சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூணு வருஷம் ஒண்ணா விளையாடிட்டு, எப்படிக் கேக்கறா பாருங்க."

"நீ விளையாடினே. நான் டிவிக்குப் பின்னாடி நின்னேன்" என்றார் தங்கை. குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "அந்தப் பெட்டி ஒயர் லூஸ். ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் படம் வரும். 'பிடிச்சுக்கோ, ஆடாதே, அடுத்த ஆட்டம் உனக்கு'ன்னு சொல்வே. மூணு வருஷமா அந்த அடுத்த ஆட்டம் வரல. பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். படம் என்னன்னு தெரியாது. நீ குதிக்கறப்ப உன் நாக்கு வெளிய வரும், அது தெரியும். உன் மூஞ்சிதான் எனக்கு டிவி."

அவர் மனைவி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றார். மறுபடி சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அது வேற விஷயம்" என்று சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார்.

இப்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். தினமும் எட்டு மணி நேரம், இரண்டு கையிலும் இரண்டு ஜாய்ஸ்டிக், கடற்காற்றில் ஆடுகிற முப்பது டன் இரும்பை ஒரு சாண் இடைவெளியில் இறக்கி வைக்கிற ஆளுக்கு, நாலு கட்ட மனிதனும் ஒரு பள்ளமும் எம்மாத்திரம்? முதல் பள்ளத்தைத் தாண்டினார். இரண்டாவது, மூன்றாவது. மறுபடி சார் தன் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு கோட்டைக்குள் நாலு கட்ட ஆள் நுழைந்தான். எல்லாம் அரை மணி நேரம்.

மறுபடி சார் திரையைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், டிவி மாட்டியிருந்த சுவரோரம் சாய்ந்து, தங்கைக்கு எதிரே நின்றுகொண்டார். அவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள அங்கே லூஸான ஒயர் எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

"உனக்கும் நாக்கு வெளிய வருது" என்றார் மெதுவாக.

"பேசாதே அண்ணா, தப்பிடும்."

கோட்டை விழுந்தது. திரையில் ஏதோ வாழ்த்து மின்னியது. தங்கை ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வாழ்த்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

"இதுக்கா மூணு வருஷம் கை மரத்துப்போக நின்னேன்? இதுக்கா ஊர்ல இருக்கற கண்ணு தெரியாதவங்க கிட்டயெல்லாம் கையெழுத்து வாங்கினே?"

முதலில் சிரித்தது அவர் மனைவி. அப்புறம் தங்கை. மறுபடி சார் சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்து, தங்கை பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "அந்த மொத பள்ளம் மட்டும் எப்படித் தாண்டறதுன்னு சொல்லு" என்றார். நான் கொண்டுபோன பிரதியை யாரும் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வருகிறார். அண்ணன் மூன்றாவது பள்ளம்வரை முன்னேறியிருக்கிறார். திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "முன்னாடி பால் பாயின்ட் பேனாவுக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் வரும், நல்லா டக்குனு சத்தம் கேக்கும், ஞாபகம் இருக்கா சார்?" என்று ஆரம்பித்தார். ஞாபகம் இருந்தது. அதுதான் ஆபத்து. அரை மணி நேரம் நானும் சேர்ந்து புலம்பினேன்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். மெத்தச் சரி. பழைய சோப்பில் வந்த நுரை இப்போது வருவதில்லை என்று நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நின்றுபோன செருப்பின் அளவைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கியதில்லை. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் மனசில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, எனக்குத் தெரியாதா? 'அப்பல்லாம் இந்த மாதிரி கேலிக் கட்டுரை எவ்வளவு நல்லா எழுதுவாங்க! இப்ப எழுதறதுல கனமே இல்லையே.'