டேலியாவின் மூன்றாவது இலை

மூன்றாவது இலையின் நட்டநடுவில் ஒரு சொட்டுக் காபி விழுந்து கிடந்தது.

"ஒரு சொட்டுதானே அண்ணி," என்றாள் நாத்தனார், கையில் கப்போடு.

"பதினோரு மணிக்கு இந்தப் படத்தைக் குடுக்கணும். நீ அந்தக் கப்பை முதல்ல தூர வை."

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும். தாவரவியல் பூங்கா ஒரு பூப் புத்தகம் போடுகிறது. அதற்கு ஓவியர் ஒருவர் வேண்டும். விண்ணப்பித்த ஆறு பேருக்கும் ஒரே டேலியாச் செடியைக் காட்டி, கலர் பென்சிலில் உள்ளதை உள்ளபடி வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். பத்து வருடமாகச் சமையலறை மேசையில் வரைந்து வரைந்து அலமாரியில் பூட்டி வைத்தவளுக்கு இந்த வேலை உயிர். மூன்று நாள் அந்தச் செடி முன்னாலேயே உட்கார்ந்து, அறுபத்து மூன்று இதழ்களையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பூச்சு கொடுத்திருந்தாள்.

"ரப்பர் போட்டுப் பாருங்களேன்."

போட்டாள். கறை போயிற்று. கூடவே பச்சையும் போய், தாளின் மேல்தோலும் உரிந்து வந்தது. இலை நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் பல்லிளித்தது.

"பூச்சி கடிச்ச ஓட்டைன்னு வச்சுக்கலாம் அண்ணி."

வேறு வழி? வெள்ளையைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு போட்டாள். அச்சு அசல் ஓட்டை.

"கடிச்ச பூச்சி எங்கேன்னு கேட்பாங்களே?" என்று நாத்தனாரே அடுத்த குண்டைப் போட்டாள்.

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டை ஓரத்தில் கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழுவை வரைந்தாள். வரைந்த அவசரத்தில் கரும்பச்சைப் பென்சில் முனை உடைந்து, கீழே மூன்று புள்ளி விழுந்தது.

"இது?"

"புழுவோட எச்சம். வாயைத் திறக்காதே."

பதினோரு மணிக்குப் பூங்கா இயக்குநர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். இதழ் இதழாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கண்ணாடி மூன்றாவது இலைக்கு வந்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"இது என்னங்க?"

"புழு... சார்."

"எங்க டேலியாவுலயா? வாராவாரம் மருந்து அடிக்கிற செடி அது. மத்த அஞ்சு பேர் படத்தையும் பாருங்க, இலை எல்லாம் சுத்தமா இருக்கு. அவங்க யார் கண்ணுலயும் படாத புழு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? கைவேலை அருமை. ஆனா உள்ளதை உள்ளபடி பார்க்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

பத்து வருட ஆசை ஒரு சொட்டுக் காபியில் போகிறது. போகிறதுதான் போகிறது, உண்மையையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று அண்ணி வாயைத் திறந்தாள்.

அதற்குள், ஜன்னலோரத் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்த தோட்டக்காரர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பூவாளியைக் கீழே வைத்துக் கைகட்டி நின்றார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க, ஒரு மாசமா மருந்தே அடிக்கலை, அந்த மூணாவது இலைப் புழுவை நானே இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன், அதுக்குள்ள இந்தம்மா படமே போட்டு என்னைக் காட்டிக் குடுத்துட்டாங்களே."